யாருக்குச் சொன்னால் போதும்? பூச்சிக்கொல்லியின் உட்பொருள்களும் தெளிப்பவரின் அறியும் உரிமையும்

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் நெடுஞ்சாலையையொட்டி அமைந்த ஊர் திருப்புட்குழி. வெளியூராருக்கு அது விஜயராகவப் பெருமாள் கோயிலாலும், யாதவப்பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்ட இடம் என்ற மரபுச் செய்தியாலும் அறிமுகமான ஊர். காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வருவது வழக்கம். நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் சேரிகளில் வாழும் மக்களுக்கோ இவ்வட்டாரம் முதலில் நெல் வயல். அதுவும் பெரும்பாலும் பிறருடைய நெல் வயல்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என எந்தப் பட்டமாயினும் தண்டுதுளைப்பானும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தலைகாட்டியவுடன் மருந்தடிக்க ஆள் தேடுவார்கள். மருந்தை வாங்குபவர் நிலத்துக்காரர். எந்த மருந்து, எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதும் அவரிடம்தான். தெளிக்கும் தொழிலாளியின் கைக்கு வருவது பல வேளைகளில் புட்டி அன்று. ஏற்கெனவே கலந்து வைத்த, நெடி வீசும் ஒரு டேங்க் நீர். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்திருந்தால் அதுவும் அவருக்குத் தெரியாது. அடுத்த நாள் அதே வயலில் களையெடுக்க இறங்கும் பெண்களுக்கு, முந்தைய நாள் அங்கே மருந்தடித்தார்கள் என்பதே தெரியாமல் போகக்கூடும்.

பூச்சிக்கொல்லிகளில் என்னென்ன வேதிப்பொருள்கள் உள்ளன என்பதைப் பொதுமக்களுக்கு வெளிப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை உலகெங்கும் எழுந்துள்ளது. இந்தியாவில் இக்கோரிக்கையைப் பேசும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது: யாரிடம் வெளிப்படுத்துவது? நமது சட்டங்கள் நஞ்சைப் பற்றிய தகவலை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அந்த நஞ்சைத் தன் உடம்பில் வாங்குபவரிடம் சேர்ப்பதில்லை. இந்த இடைவெளி தற்செயலானதன்று. அது நில உடைமையின் இடைவெளி; ஆகவே சாதியின் இடைவெளி.

பெயர் தெரிவது ஏன் உயிர்ப் பிரச்சினை

தமிழில் நாம் இந்த நஞ்சை ‘மருந்து’ என்கிறோம். பயிருக்கு அடிப்பதும் மருந்து. மனமுடைந்தவர் குடித்து இறப்பதும் மருந்து. ‘மருந்தடித்தவர் மயங்கி விழுந்துவிட்டார்’ என்று மருத்துவமனைக்குத் தூக்கி வருவோரிடம் மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி, ‘என்ன மருந்து?’ என்பதுதான். அதற்கு விடை இல்லாவிட்டால் சிகிச்சை ஊகத்தில் தொடங்குகிறது.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்றவை ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. நரம்புச் செய்திகளை முடித்துவைக்கும் ஒரு நொதியை இவை முடக்குகின்றன. அதனால் எச்சில் வழிகிறது, வியர்க்கிறது, கண்மணி ஊசிமுனையளவு சுருங்குகிறது, மூச்சுத் திணறுகிறது. இதற்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைக்குத் தனி முறிமருந்து இல்லை. அறிகுறிகளுக்கேற்பவே சிகிச்சை அளிக்க வேண்டும். இவ்விரு வகைகளும் ஒரே புட்டியில் கலந்து விற்கப்படுவதும் உண்டு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் நிலை இன்னும் கொடியது. அதற்கு முறிமருந்தே கிடையாது. மூச்சுத் திணறும் எவருக்கும் இயல்பாகக் கொடுக்கப்படும் ஆக்சிஜன்கூட, பாராகுவாட் நஞ்சேறியவரின் நுரையீரல் சிதைவை விரைவுபடுத்தக்கூடியது. பெயர் தெரியாத நிலையில் உயிர்காக்கச் செய்யும் செயலே கேடாக முடியலாம்.

2017-ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்தி வயல்களில் மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டில் நமது பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்தி வயல்களிலும் மருந்தடித்தவர்கள் உயிரிழந்தனர். இவர்கள் நஞ்சைக் குடித்தவர்கள் அல்லர், வேலை செய்தவர்கள்.

‘மற்றவை’ என்னும் மறைவிடம்

ஒரு பூச்சிக்கொல்லிப் புட்டியில் இரு வகைப் பொருள்கள் உள்ளன. பூச்சியைக் கொல்லும் வேலையைச் செய்வது வீரியப்பொருள். அதைக் கரைக்கவும், நீரில் கலக்கச் செய்யவும், இலையில் ஒட்டவைக்கவும் சேர்க்கப்படுபவை துணைப்பொருள்கள். பல தயாரிப்புகளில் எடையில் பெரும்பகுதி துணைப்பொருள்களே. வீரியப்பொருளின் பெயரும் விழுக்காடும் லேபிளில் தெளிவாக இருக்கும்; எஞ்சியவை ஒரே வரியில் பொதுப்பெயரால் அடங்கிவிடுவதைக் காணலாம்.

துணைப்பொருள் என்பதால் அது தீங்கற்றது என்று பொருளில்லை. கிளைபோசேட் களைக்கொல்லியில் சேர்க்கப்பட்டுவந்த, சுருக்கமாக ‘போயா’ எனப்படும் ஒட்டுப்பொருள், கிளைபோசேட்டைவிட நச்சுத்தன்மை மிக்கது என்பது தெரியவந்தபின், 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கிளைபோசேட் தயாரிப்புகளில் தடை செய்தது. எண்ணெய்த்தன்மையுள்ள பல திரவ மருந்துகளில் பெட்ரோலிய வழிவந்த கரைப்பான்கள் உள்ளன. அவற்றை விழுங்கியவரை வாந்தியெடுக்க வைத்தால் கரைப்பான் நுரையீரலுக்குள் புகுந்து புதிய ஆபத்தை உண்டாக்கும். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பதை முதலுதவி என நம்பும் ஊர்களில் இந்த ஒரு தகவல் உயிரைக் காக்கும்.

அமெரிக்காவிலும் இப்போராட்டம் முடிந்தபாடில்லை. துணைப்பொருள்களின் பெயர்களை வணிக இரகசியம் எனச் சொல்லி மறைப்பதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 1996-இல் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வழக்கிலிருந்த தயாரிப்புகளின் துணைப்பொருள் பெயர்களில் பெரும்பாலானவை இரகசியம் ஆகா என்று தீர்ப்பளித்தது. எல்லாத் தயாரிப்புகளின் லேபிளிலும் அவற்றை வெளியிடச் செய்யும் விதியைக் கொண்டுவரப் போவதாக 2009-இல் அறிவித்த அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2014-இல் அம்முயற்சியைக் கைவிட்டது.

நமது சட்டம் சொல்வது என்ன

இந்தியாவின் பூச்சிக்கொல்லிகள் சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னணியில் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நச்சுணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உணவுப்பொருள்களோடு ஒரே கப்பலில் ஏற்றிவந்த பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி அவற்றில் கலந்ததே காரணம். இச்சட்டம் மக்களைக் காக்கப் பிறந்த சட்டம் என்பதை மறக்கலாகாது.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிகள் விதிகளைப் படிப்பவர் வியப்படைவார். விதி 19-இன்படி, வீரியப்பொருள் மட்டுமின்றி மற்ற உட்பொருள்களின் வகையும் பெயரும், ஒவ்வொன்றின் விழுக்காடும் லேபிளில் இருக்க வேண்டும். அமெரிக்க இயக்கங்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் உரிமை நமது விதிப்புத்தகத்தில் அச்சிலேயே இருக்கிறது. இந்தி, ஆங்கிலத்தோடு அவ்வட்டார மொழியிலும் லேபிள் அச்சிடப்பட வேண்டும். விதி 18-இன்படி புட்டியோடு வரும் துண்டறிக்கையில் நஞ்சேறியதற்கான அறிகுறிகள், முதலுதவி, முறிமருந்து ஆகியன இடம்பெற வேண்டும்.

லேபிளின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத சாய்சதுரம் ஒன்றும் கட்டாயம். அதன் கீழ்ப்பாதி நிறம் நச்சுத்தன்மையைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. எழுத்தறியாதவருக்கும் பயன்படும் குறியீடு இது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இந்நிறம் உடனடியாகக் கொல்லும் ஆற்றலை மட்டுமே அளக்கிறது. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக உடலில் சேர்வதன் விளைவை அது சொல்லாது. பச்சை நிறம் பாதுகாப்பின் சான்றிதழ் அன்று.

தொழிலாளியைப் பற்றியும் விதிகள் பேசுகின்றன. தயாரிப்பு முதல் தெளிப்பு வரை பூச்சிக்கொல்லியைக் கையாள்பவருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது விதி 39. அப்படியானால் சிக்கல் எங்கே?

சாத்தப்பட்ட மூன்று கதவுகள்

முதற்கதவு பூச்சிக்கொல்லிகள் சட்டத்தின் பிரிவு 38-இல் இருக்கிறது. ஒருவர் தமது சாகுபடியில் உள்ள நிலத்தில் பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்று அப்பிரிவு விலக்களிக்கிறது. சிறு விவசாயியைச் சட்டத் தொல்லையிலிருந்து காக்கும் விலக்காக இது தோன்றலாம். ஆனால் தாமே தெளிக்கும் குறுவிவசாயிக்கும், கூலிக்கு ஆள்வைத்துத் தெளிக்கும் நிலவுடைமையாளருக்கும் இது வேறுபாடு காட்டவில்லை. தொழிற்சாலையிலும் கிடங்கிலும் உயிருள்ள விதி 39, வயல் வரப்பை மிதித்தவுடன் நிலத்துக்காரரின் விலக்கோடு மோதி வலுவிழக்கிறது.

இரண்டாம் கதவு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. போதிய எச்சரிக்கை தராத பொருளால் தீங்கு நேர்ந்தால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அச்சட்டம் கொண்டுவந்த முக்கிய மாற்றம். வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. விவசாயிகளும் நுகர்வோரே என்று விதை வழக்கொன்றில் 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தெளிக்கும் தொழிலாளிக்கும் வழி திறப்பதுபோல் தோன்றும். ஆனால் பிரிவு 87 வேறொன்று சொல்கிறது: பொருளை வேலையிடத்தில் பயன்படுத்துவதற்காக முதலாளி வாங்கியிருந்து, எச்சரிக்கையை அந்த முதலாளிக்கு உற்பத்தியாளர் தந்திருந்தால், எச்சரிக்கைக் குறைபாட்டுக்காக உற்பத்தியாளர் பொறுப்பாகமாட்டார். முதலாளிக்குச் சொன்னால் தொழிலாளிக்குச் சொன்னதாகிவிடும் என்பது இதன் பொருள். ஊரும் சேரியும் தனித்தனியாய் இருக்கும் நாட்டில் இக்கற்பனை எவ்வளவு கொடியது என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாம் கதவு தொழிற்சாலைச் சட்டம். 1984 டிசம்பரில் போபாலில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அது எத்தகைய நஞ்சு, எப்படி முறிப்பது என்ற தெளிவான தகவல் மருத்துவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படிப்பினையால் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவு சேர்க்கப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவர், அதன் கேடுகளையும் பாதுகாப்பு வழிகளையும் தொழிலாளர்க்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தாமே முன்வந்து வெளிப்படுத்த வேண்டும். சிறந்த சட்டம்தான். ஆனால் நஞ்சைத் தயாரிக்கும் ஆலையின் தொழிலாளிக்கு உள்ள இவ்வுரிமை, அதே நஞ்சை முதுகில் சுமந்து தெளிக்கும் வயல் தொழிலாளிக்கு இல்லை. வயல் தொழிற்சாலை அன்று.

மூன்று கதவுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. தகவல் நிலத்தின் உடைமையாளரோடு நின்றுவிடுகிறது. இந்த மண்ணில் நிலம் யாருக்கு இல்லாமற்போனது என்பதற்கு ஆவணம் உண்டு. காஞ்சிபுரம் பகுதியை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர், பறையர் மக்களின் நிலமற்ற அவலத்தை 1891-இல் அறிக்கையாக எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஒதுக்கீட்டு ஆணை பிறந்தது. அந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனதால் பஞ்சமி நில மீட்பு இன்றும் போராட்டமாகவே நீடிக்கிறது. நிலம் இழந்தவர் கூலிக்கு இறங்குகிறார். கூலிக்கு இறங்கியவருக்குப் புட்டியின் பெயர் தெரிவதில்லை. பஞ்சமி நிலத்தையும் பூச்சிக்கொல்லி லேபிளையும் சேர்த்துப் பார்க்காமல் இப்பிரச்சினை விளங்காது.

வணிக இரகசியம் என்னும் வாதம்

உட்பொருள்களையும் நச்சுத்தன்மை ஆய்வுகளையும் வெளியிட்டால் போட்டியாளர் நகலெடுத்துவிடுவார் என்பது நிறுவனங்களின் வாதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஈ) வணிக இரகசியத்துக்கு விலக்களிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே பிரிவு, பரந்த பொதுநலன் வேண்டினால் வெளியிடலாம் என்கிறது. பிரிவு 8(2)-உம் பொதுநலன் மேலோங்கும்போது விலக்கைத் தாண்ட இடமளிக்கிறது. பிரிவு 10-இன்படி, இரகசியப் பகுதியை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரலாம். மரபணு மாற்றக் கடுகின் உயிரிப்பாதுகாப்புத் தரவுகளை வெளியிடுமாறு 2016-இல் மத்தியத் தகவல் ஆணையம் பணித்தது. வயலுக்கு வரவிருக்கும் ஒரு பயிரின் பாதுகாப்புத் தரவைப் பொதுவெளியில் வைக்கலாம் என்றால், ஏற்கெனவே வயலில் தெளிக்கப்படும் நஞ்சின் தரவை மறைக்க என்ன நியாயம்?

இந்தியா ஏற்றுக்கொண்ட பன்னாட்டு உடன்படிக்கைகளும் நம் பக்கமே உள்ளன. நீடித்து நிலைக்கும் கரிம நஞ்சுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் 9-ஆம் உறுப்பு, மனிதர் மற்றும் சுற்றுச்சூழலின் நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை இரகசியமாகக் கருதக் கூடாது என்கிறது. ஆபத்தான வேதிப்பொருள் வணிகம் குறித்த ராட்டர்டாம் உடன்படிக்கையின் 14-ஆம் உறுப்பு, அந்த உடன்படிக்கையின் நோக்கங்களுக்காக, நச்சுத்தன்மை ஆய்வுகளின் சுருக்கத்தையும் முன்னெச்சரிக்கைத் தகவல்களையும் இரகசியப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கிறது.

அறியும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் அடங்கியது என்பதை 1988-இல் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழ்நாட்டுத் தோல் ஆலைக் கழிவுகள் தொடர்பான 1996-ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், முன்னெச்சரிக்கைக் கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றும், தம் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் சுமை அதைச் செய்பவருக்கே உரியது என்றும் தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘ஏன் தெரிய வேண்டும்?’ என்று தொழிலாளியைக் கேட்க முடியாது, ‘ஏன் மறைக்கிறாய்?’ என்று நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

அரசால் என்ன செய்ய முடியும்

பூச்சிக்கொல்லியை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது. மாநில அரசு பிரிவு 27-இன்கீழ் அறுபது நாள்களுக்குத் தடை விதிக்கலாம், சற்று நீட்டிக்கலாம். தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 2023-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையும் அறுபது நாள் தடையே.

ஆனால் தகவலைப் பரப்ப எந்தக் காலவரம்பும் இல்லை. பிரிவு 26-இன்படி, பூச்சிக்கொல்லியைக் கையாள்வதால் நேரும் நஞ்சேற்றம் ஒவ்வொன்றையும் அறிவிக்குமாறு மருத்துவர் உள்ளிட்ட எவரையும் மாநில அரசு பணிக்கலாம். அவ்வாறு திரளும் எண்ணிக்கையை மாவட்டவாரியாக, பூச்சிக்கொல்லியின் பெயரோடு, பாதிக்கப்பட்டவர் நிலவுடைமையாளரா கூலித் தொழிலாளரா என்ற பகுப்போடு வெளியிட்டால், இந்த நஞ்சு யார் உடலில் இறங்குகிறது என்பதை அரசின் ஆவணமே சொல்லும்.

களத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, பழக்கம். தெளிக்கும் முன் புட்டியைக் கேட்டுப் பார்ப்பது, லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது. யாரேனும் மயங்கினால் புட்டியையோ படத்தையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது. மாணவர்கள் தத்தம் ஊர்களில் ஒரே மாலையில் கற்றுத்தரக்கூடிய செயல் இது.

இரண்டாவது, தகவல் உரிமை மனு. மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கள் எத்தனை மாதிரிகள் எடுத்தனர், எத்தனை தரமற்றவை? லேபிளில் எல்லா உட்பொருள்களும் தமிழில் உள்ளனவா என ஆய்வு செய்யப்பட்டதா? பிரிவு 26-இன்கீழ் எத்தனை நஞ்சேற்றங்கள் பதிவாகியுள்ளன? ‘தகவல் இல்லை’ என்ற பதிலும் நீதிமன்றத்தில் ஆவணமே. இச்சட்டத்தின்கீழ் மாநில அரசின் அல்லது அது அதிகாரமளித்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதலின்றிக் குற்ற வழக்குத் தொடர முடியாது என்பதால், ஆவணங்களைத் திரட்டி உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகார வரம்பை நாடுவதே நமக்கு வலுவான வழி.

மூன்றாவது, கிராம சபை. ஊராட்சி எல்லையில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிகளின் வேதிப்பெயர், நிறக்குறி, முறிமருந்து ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சேரியின் பொது இடத்திலும் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். ஊர்ப் பொது இடத்தில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 87-க்கு நாம் சொல்லும் பதிலே அங்கும் பொருந்தும்: ஊருக்குச் சொன்னது சேரிக்குச் சொன்னதாகாது.

சட்டத் திருத்தக் கோரிக்கையும் தெளிவாக இருக்க வேண்டும். 2020-இல் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாவைப் போல, பழைய சட்டத்தை மாற்றும் முயற்சி எப்போது வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. கூலிக்கு ஆள்வைத்துத் தெளிக்கும் நிலத்துக்குப் பிரிவு 38-இன் விலக்கு செல்லாது என்று எழுத வேண்டும். நஞ்சின் பெயரும் கேடும் முறிமருந்தும் தெளிப்பவருக்கு நேரடியாக, அவர் அறிந்த மொழியில், வேலை தொடங்கும் முன் சொல்லப்பட வேண்டும் என்பதை உற்பத்தியாளரின் கடமையாகவும் வேலை கொடுப்பவரின் கடமையாகவும் ஆக்க வேண்டும். போபாலுக்குப் பின் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த அதே உரிமையைத்தான் திருப்புட்குழி வயலில் டேங்க் சுமப்பவருக்கும் கேட்கிறோம்.